கராஜில் செய்த பெற்றோல் டேங்கை எப்படிக் காப்பாற்றுவது? மலைநாட்டுக் கார்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், டட்சன் 1200, லான்சர் பொக்ஸ், பழைய லேண்ட்ரோவர் என்று மலையகத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கிழட்டு வாகனங்கள் ஏராளம். டேங்க் துருப்பிடித்துப் போனால் ஒரிஜினலைத் தேடி அலைவதை விட்டு, ஹட்டனிலோ கம்பளையிலோ பண்டாரவளையிலோ கைத்திறமையுள்ள ஒரு வெல்டிங் பாஸிடம் சொல்லிப் புதிதாகச் செய்துகொள்கிறார்கள். சந்தேகங்கள் எல்லாம் டேங்கைக் காரில் பூட்டிய பிறகுதான் வருகின்றன. கீழே உள்ளவை அன்றாடம் ரோட்டில் ஓடும் கார்களுக்கான பதில்கள். ரேஸ் ஓடுகிறவர்களின் கணக்கு வேறு.

எந்தத் தகட்டில் செய்தால் நல்லது?

சாதாரண இரும்புத் தகடு, 1.2 முதல் 1.6 மில்லிமீற்றர் தடிப்பு. நம் பக்கத்து கராஜ்களுக்குக் கைவந்த பொருள் அதுதான். வெளிப்பக்கம் ஒழுங்காகப் பெயின்ற் அடித்தால் நீண்ட காலம் நிற்கும். பிறகு ஒரு நாள் ஓட்டை விழுந்தாலும் எந்த ஊரிலும் செய்து கொடுப்பார்கள்.

அலுமினியம் பாரம் குறைவு, பார்க்கவும் அழகு. ஆனால் 5052 போன்ற சரியான கலப்புத் தகட்டில், 3 மில்லிமீற்றர் தடிப்பில், டிக் (TIG) வெல்டிங் நன்றாகத் தெரிந்த ஒருவர் செய்ய வேண்டும். கையில் கிடைத்த அலுமினியத் தகட்டை வளைத்து ஒட்டினால், தோட்டத்து ரோட்டின் குலுக்கலில் வெல்டிங் ஓரமாக மயிரிழை வெடிப்பு விழும். ஸ்டெயின்லெஸ் 304 நல்ல பொருள்தான், காசும் வேலையும் அதிகம்.

டீசல் வாகனம் என்றால் ஜீஐ தகட்டை நினைக்கவே வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு டீசலில் கரைந்து பில்டரையும் இன்ஜெக்டரையும் கெடுக்கும்.

டிக்கிக்கு அடியில், பின் பம்பரை ஒட்டி வைத்தால் இடம் தாராளமாகக் கிடைக்கிறதே?

இடம் கிடைக்கும். பின்னால் ஒரு பஸ் வந்து இடித்தால் முதலில் நசுங்குவதும் அதே இடம்தான்.

அமெரிக்காவில் ஃபோர்ட் பின்டோ என்ற சின்னக் காரின் கதை பழைய கார்க்காரர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். அதன் டேங்க் பின் அக்சிலுக்கும் பம்பருக்கும் நடுவே இருந்தது. பின்னாலிருந்து அடிபட்டால் டேங்க் முன்னோக்கித் தள்ளப்பட்டு டிஃபரென்ஷலின் போல்ட் தலைகளில் குத்துப்படும், பெற்றோல் ஊற்றும் குழாயும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். 1978இல் சுமார் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அப்போது செய்த திருத்தம்தான் நமக்கு முக்கியம்: டேங்குக்கும் அக்சிலுக்கும் நடுவே ஒரு பொலித்தீன் தடுப்புத் தகடு, அதோடு இன்னும் நீளமான, நன்றாகப் பொருந்திய ஊற்றுக் குழாய். டேங்கை மாற்றவே இல்லை.

ஆகவே டேங்கை வைக்கும் முன் காருக்கு அடியில் படுத்து, அதைச் சுற்றி கூராக நீட்டிக்கொண்டிருப்பது என்னென்ன என்று பாருங்கள். போல்ட் முனை, பிரேக்கட் மூலை, பம்பர் ஸ்டே, ஸ்பிரிங் ஷக்கிள் எல்லாம் கணக்கில் வரும். வெட்டக்கூடியதை வெட்டுங்கள், திருப்பிப் பூட்டக்கூடிய போல்ட்டைத் திருப்பிப் பூட்டுங்கள். மிச்சத்துக்கு நடுவே தகடு வையுங்கள். இடம் இருந்தால் அக்சிலுக்கு மேலேயோ, பின் சீட்டுக்குப் பின்புறமோ வைப்பது இன்னும் நல்லது. டிக்கிக்குள் வைப்பதைப் பற்றிக் கீழே தனியாக இருக்கிறது.

அடியில் எவ்வளவு தடிப்பான தகடு போட வேண்டும்?

தடிப்பைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தத் தகட்டை எதில் பூட்டுகிறீர்கள் என்பதுதான் அதைவிடப் பெரிய விஷயம். டேங்கிலேயே அல்லது டேங்கைத் தாங்கும் பட்டியிலேயே பூட்டினால், கல்லில் பட்ட அடி அப்படியே டேங்குக்குப் போகும். சசியிலோ (காரின் அடிச்சட்டம்) பொடியின் உறுதியான குறுக்குச் சட்டத்திலோ தனியாகப் பூட்ட வேண்டும். டேங்குக்கும் தகட்டுக்கும் இடையே 20 மில்லிமீற்றராவது வெறும் இடைவெளி இருக்கட்டும். தகடு நசுங்கினாலும் டேங்கைத் தொடக்கூடாது.

தடிப்பு என்று பார்த்தால் 3 மில்லிமீற்றர் இரும்பு போதும். 60க்கு 40 சென்ரிமீற்றர் துண்டு சுமார் 5.7 கிலோ வரும். அதே அளவில் 5 மில்லிமீற்றர் அலுமினியம் மூன்றே கால் கிலோதான். 8 அல்லது 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள கட்டிப் பொலித்தீன் பலகை கிடைத்தால் அதையும் யோசிக்கலாம். கல்லில் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும், துருவும் இல்லை. ஆனால் சைலன்சர் பக்கத்தில் போனால் அது சரிவராது.

முன் விளிம்பை மேல்நோக்கி வளைத்துவிடுங்கள். தோட்டத்து ரோட்டில் இரண்டு டயர் தடத்துக்கும் நடுவே புல் முளைத்த மேடு இருக்குமே, நேர் விளிம்பாக விட்டால் அந்த மேட்டு மண்ணை அள்ளிக்கொண்டு வரும். போல்ட் தலைகளும் கீழே துருத்தக்கூடாது. தகட்டின் தாழ்வான இடங்களில் 20 மில்லிமீற்றர் அளவில் நாலைந்து ஓட்டை போடுங்கள். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றர் மழை பெய்வது சாதாரணம். தண்ணீரும் சேறும் போக வழியில்லாத தகடு, டேங்கைக் கல்லிலிருந்து காப்பாற்றித் துருவுக்குக் கொடுத்துவிடும்.

நிலத்திலிருந்து உயரத்தை வெறும் காரில் அளக்காதீர்கள். நாலு பேரை ஏற்றி, டிக்கியில் அரிசி மூட்டையையும் வைத்து அளந்து பாருங்கள். பழைய லீஃப் ஸ்பிரிங் எவ்வளவு இறங்குகிறது என்று அப்போது தெரியும்.

டேங்கை சசியோடு சேர்த்து வெல்டிங் பண்ணிவிட்டால் அசையாதே?

அசையாது, ஆனால் தகட்டில் வெடிப்பு விழும். கரடுமுரடான ரோட்டில் காரின் பொடி முறுகிக்கொண்டே இருக்கிறது. இறுக ஒட்டிய டேங்க் அந்த முறுக்கைத் தன் மூலைகளில் வாங்கிக்கொள்ளும். அதற்குப் பதில் டேங்கைத் தாங்க இரண்டு தட்டைப் பட்டிகள், 25 முதல் 30 மில்லிமீற்றர் அகலம், ஒரு பக்கம் கொக்கி, மறுபக்கம் இறுக்கும் போல்ட். பழைய கார் கொம்பனிகள் இதைத்தான் செய்தன, இதைவிட நல்ல வழி இன்னும் வரவில்லை.

பட்டிக்கும் டேங்குக்கும் நடுவே ரப்பர் வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். சாக்குத் துண்டு, கார்ப்பெட் துண்டு, பழைய செருப்பு, ஸ்பொன்ஜ் எல்லாம் வைத்துப் பட்டியை இறுக்கியதைப் பார்த்திருக்கிறேன். இவற்றில் பெரும்பாலானவை தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மழைக்காலம் முழுக்க அந்த ஈரம் தகட்டோடு ஒட்டியே இருக்கும். வெளியே பெயின்ற் பளபளவென்று இருக்க, பட்டிக்கு அடியில் நேர்க்கோடாகத் துரு தின்றிருக்கும். அலுமினிய டேங்கில் இரும்புப் பட்டி என்றால் நிலைமை இன்னும் மோசம். இரண்டு உலோகமும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் குழிகுழியாக அரிக்கும். நியோப்ரீன் அல்லது நைட்ரைல் ரப்பர் பட்டை வாங்கி, இரும்புப் பட்டியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

புதிதாகப் பூட்டிய ரப்பர் சில நாளில் அமுங்கும். ஒரு வாரம் ஓடியதும் போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். அப்போதே டோர்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ற் போய் வெள்ளியாய் மின்னும் ஒரு கோடு தெரிந்தால், அங்கே ஏதோ உரசுகிறது.

நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு இறங்கினால் பெற்றோல் மூடியைத் திறக்கும்போது "புஸ்" என்கிறது. இது சரியா?

லேசான சத்தம் என்றால் பரவாயில்லை. மூடியைத் திறக்கவே கஷ்டமாக இருந்தால், அல்லது டேங்க் தகடு "டொங்" என்று துள்ளினால், டேங்குக்குள் காற்று வந்துபோகும் பிரீதர் குழாய் அடைபட்டிருக்கிறது.

மலையில் ஓடும் காருக்கு பிரீதர் மிக முக்கியம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். ஏறும்போது வெளியழுத்தம் குறைகிறது, வெயிலில் சூடான பெற்றோலின் ஆவி உள்ளேயிருந்து தள்ளுகிறது. காற்று போக வழியில்லையென்றால் டேங்க் உப்பும். இறங்கும்போது வெளியழுத்தம் கூடுகிறது, பம்ப் வேறு பெற்றோலை இழுத்துக்கொண்டே இருக்கிறது, டேங்க் உள்ளே வாங்கும். வெறும் 0.1 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, வித்தியாசம் வந்தாலே 60க்கு 40 சென்ரிமீற்றர் பக்கத்தகடு ஒன்றின் மேல் 245 கிலோ பாரம் ஏற்றியதற்குச் சமம். அது மாறி மாறி நடந்தால் எந்த வெல்டிங்கும் களைத்துப்போகும்.

குழாயை டேங்கின் உச்சியிலிருந்து எடுத்து, ஊற்றும் வாயைவிட உயரமாக ஒரு வளையம் போட்டு, பிறகு கீழே கொண்டுவந்து காருக்கு வெளியே விடுங்கள். சைலன்சர் பக்கம் வேண்டாம். கார் புரண்டால் பெற்றோல் கொட்டாமல் தானே மூடிக்கொள்ளும் ரோல்-ஓவர் வால்வு ஒன்றை நடுவில் சேர்ப்பது பெரிய செலவில்லை. முடக்குக்கு முடக்கு பள்ளம் இருக்கும் ஊரில் அதைச் சேர்க்காமல் விடுவதற்கு நியாயமே இல்லை. குழாயின் வெளிமுனைக்குச் சின்ன கம்பி வலை போடுங்கள். கொஞ்ச நாள் நிறுத்தி வைத்த காரில் குளவி மண்ணைக் கொண்டுவந்து அந்த ஓட்டையில்தான் கூடு கட்டும்.

இன்னொன்று. நுவரெலியாவின் காலைக் குளிரில் வாய்வரை நிரப்பிக்கொண்டு கொழும்பு வெயிலுக்கு இறங்காதீர்கள். 40 லீற்றர் பெற்றோல் 20 பாகை சூடானால் கிட்டத்தட்ட முக்கால் லீற்றர் கூடும். அது எங்கேயாவது வழிந்துதான் ஆக வேண்டும்.

ஏற்றத்தில் மட்டும் கார் இழுக்காமல் திணறுகிறது. டேங்கில் கால்வாசி இருக்கிறதே?

பெற்றோல் டேங்கின் பின்பக்கம் போய்விட்டது, உறிஞ்சும் குழாய் முன்பக்கம் இருக்கிறது. 12 சதவீத ஏற்றத்தில், 60 சென்ரிமீற்றர் நீளமான டேங்கின் இரண்டு முனைக்கும் நடுவே 7 சென்ரிமீற்றர் மட்ட வித்தியாசம் வரும். இறம்பொடைப் பக்கம் ஏறும்போதும் தோட்டத்துக்குள் ஏறும்போதும் இது தெரியும்.

டேங்கின் அடியில் சின்னக் கிண்ணம் போல ஒரு பள்ளம் செய்து, உறிஞ்சும் குழாயை அதற்குள் விட வேண்டும். உள்ளே குறுக்குத் தடுப்புகள் இருக்க வேண்டும். தடுப்பின் கீழ் மூலைகளில் மட்டும் வெட்டு விட்டால், பெற்றோல் மெதுவாக வரும், ஒரேயடியாக ஓடாது. தடுப்புகள் டேங்கையும் காப்பாற்றுகின்றன. 40 லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ 30 கிலோ. அவ்வளவு பாரம் ஒவ்வொரு முடக்கிலும் பக்கச் சுவரில் மோதுவதை நினைத்துப் பாருங்கள். பள்ளத்தின் அடியில் ஒரு வடிகால் போல்ட்டும் வைத்தால் தண்ணீரை இறக்க வசதி. அந்தப் பள்ளம்தான் டேங்கிலேயே தாழ்வான இடம் என்பதால், அடித்தகடு அதையும் மறைத்துத்தான் வர வேண்டும்.

டேங்கை டிக்கிக்குள் வைத்தால் கல்லடியே இல்லையே?

கல்லடி இல்லை. பதிலுக்கு ஆவி வருகிறது. பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நாலு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, தரைமட்டத்தில் தேங்கி நிற்கும். பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே ஓட்டையில்லாத இரும்புத் தடுப்பு வேண்டும், வெறும் அட்டை போதாது. ஊற்றும் வாயும் பிரீதரும் காருக்கு வெளியே திறக்க வேண்டும். டிக்கி அடித்தளத்தில் ஆவி இறங்கிப்போக ஓட்டைகள் வேண்டும். டேங்குக்குப் பக்கத்தில் பேட்டரியோ அம்ப் பெட்டியோ வைப்பது கூடாது. ஜாக்கியும் வீல் ஸ்பானரும் சும்மா கிடந்து டேங்கில் மோதவும் விடாதீர்கள்.

தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: டிக்கியில் உரமூட்டை ஏற்றினால் பிறகு கழுவுங்கள். சிந்திய அமோனியம் சல்பேற் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பைத் தின்னும் வேகமே தனி.

ஒழுகுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? கம்ப்ரஷரில் காற்று அடிக்கலாமா?

கம்ப்ரஷரை நேரே மாட்ட வேண்டாம். மேலே சொன்ன 245 கிலோ கணக்கு இங்கேயும் பொருந்தும். கை கொஞ்சம் தவறினால் டேங்க் பலூனாகி வெல்டிங் பிளக்கும்.

புது டேங்காக இருந்தால் தண்ணீரே போதும். எல்லா வாயையும் அடைத்து, ஒன்றில் மட்டும் ஒரு ஹோஸைச் செருகி, டேங்கை நிரப்பி, ஹோஸை டேங்குக்கு மேலே ஒரு மீற்றர் உயர்த்திக் கட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மீற்றர் தண்ணீர் 0.1 பார் அழுத்தம் தரும், அதற்கு மேல் அதிகம் போகாது. வெல்டிங் ஓரமெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்புக்கட்டியால் தேய்த்துவிட்டு இரவு முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் சுண்ணாம்புக் கோட்டில் கறுத்த ஈரப்புள்ளி இருந்தால் அங்கே ஊசி ஓட்டை. பிறகு டேங்கை முழுக்கக் காய வைத்துத்தான் பெற்றோல் ஊற்ற வேண்டும்.

பழைய டேங்கில் சின்ன ஓட்டை. கழுவிவிட்டு வெல்டிங் வைக்கலாமா?

வேண்டாம். காற்றில் 1.4 சதவீதம் பெற்றோல் ஆவி இருந்தாலே தீப்பிடிக்கும். வாசனை போய்விட்டது என்பதை நம்பக்கூடாது. மடிப்புக்குள்ளும் துருவுக்குள்ளும் ஒளிந்திருக்கும் பெற்றோல், வெல்டிங் சூட்டில் ஆவியாகி வெளியே வரும். நிறைந்த டேங்கைவிட வெறும் டேங்க்தான் வெடிக்கும். ஆவியைப் போக்கி, மந்த வாயு நிரப்பி வேலை செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுங்கள், இல்லையென்றால் புதிதாகச் செய்யுங்கள்.

நம் ஊரில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. கராஜ் மேட்டில் இருக்கும், கீழே லயத்தில் விறகடுப்பு எரியும். கனமான ஆவி சரிவில் இறங்கிப் போகும் திசை அதுதான். டேங்கைக் கழற்றி வடிப்பதற்கு முன் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

வழியில் ஒழுகினால் கட்டிச் சவர்க்காரத்தை ஓட்டையில் அழுத்தித் தேய்க்கும் பழைய லொறிக்காரர் வைத்தியம் வேலை செய்யும், ஏனென்றால் பெற்றோலில் சவர்க்காரம் கரையாது. தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். மழைக்கு முன் கராஜ் போய்ச் சேருங்கள்.

அண்டர்சீல் அடித்தால் போதுமா?

தார் போன்ற தடித்த அண்டர்சீல் எனக்குப் பிடிக்காது. கல் பட்டு ஓரிடத்தில் கிழிந்தால், அதற்குள் புகுந்த தண்ணீர் வெளியே வராது, துரு மறைவாக வளரும். நல்ல எபொக்சி பிரைமர், அதன் மேல் இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பெயின்ற் போதும். வெளிர் நிறமாக இருந்தால் கசிவும் துருவும் உடனே தெரியும். உள்பக்கம் பூசும் சீலர், சுத்தமாகத் தேய்த்துக் காய வைத்த புது உலோகத்தில் ஓரளவு பிடிக்கும். துரு மேல் ஊற்றினால் பாளம் பாளமாகப் பெயர்ந்து பில்டரை அடைக்கும்.

ஹோஸ் எதுவாக இருந்தால் என்ன?

பெற்றோல் ஹோஸ் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. தர இலக்கத்தைப் பாருங்கள்: கார்பரேட்டர் காருக்கு எஸ்ஏஇ ஜே30 ஆர்7 (SAE J30 R7), இன்ஜெக்ஷன் இன்ஜின் மாற்றியிருந்தால் ஆர்9, டேங்குக்குள் பெற்றோலில் மூழ்கியிருக்கும் துண்டுக்கு ஆர்10. இலக்கம் ஹோஸின் மேலேயே அச்சடித்திருக்கும். ஊற்றும் வாயை இணைக்க ரேடியேட்டர் ஹோஸ் துண்டை மாட்டுவது பலருடைய பழக்கம். அந்த ரப்பர் பெற்றோலில் ஊறி உப்பி மென்மையாகிவிடும். காஸ் அடுப்புக் குழாயும் அப்படித்தான், ஆகாது.

ரேஸ் காரில் இருக்கும் ஃபியூல் செல் வாங்கினால் எல்லாப் பிரச்சினையும் தீருமா?

ஃபியூல் செல் என்பது உள்ளே ரப்பர் பை வைத்த டேங்க், விபத்தில் அது நல்ல பாதுகாப்பு. ஆனால் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் தரத்திலுள்ள ரப்பர் பைக்குச் செய்த திகதியிலிருந்து ஐந்து வருடம்தான் ஆயுள். உள்ளே அடைத்த ஸ்பொன்ஜும் காலப்போக்கில் உதிர்ந்து பில்டருக்கு வரும். தினமும் வேலைக்குப் போய்வரும் காருக்கு, நல்ல இடத்தில் ஒழுங்காகப் பூட்டிய இரும்பு டேங்கே என் தெரிவு.

2022 பெற்றோல் வரிசைகளை மறக்க முடியவில்லை. 80 லீற்றராகச் செய்துவிடட்டுமா?

கியூஆர் அட்டைக்கு ஆரம்பத்தில் காருக்கு வாரம் 20 லீற்றர் கொடுத்த காலத்தில் இந்தக் கேள்வி நிறைய வந்தது. நிறைந்தால் 60 கிலோ, அதுவும் பின் அக்சிலுக்குப் பின்னால். கார் வால் தாழ்ந்து ஓடும், அடித்தகடு ஒவ்வொரு மேட்டிலும் உரசும். ஒரிஜினல் அளவைவிட ஐந்து பத்து லீற்றர் கூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

இன்சூரன்ஸுக்குச் சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள், எழுத்தில், படங்களோடு. பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சைலன்சர் டேங்குக்குப் பக்கத்தில் போகிறது. எவ்வளவு தூரம் வேண்டும்?

10 சென்ரிமீற்றர் இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் நடுவே ஒரு அலுமினியத் தகடு, இரண்டு பக்கமும் காற்று ஓடும்படி. பைன், யூக்கலிப்டஸ் காட்டுப் பக்கம் ஓடுகிறவர்கள் அந்த இடுக்கில் காய்ந்த இலை அடைகிறதா என்று கைவிட்டுப் பார்க்க வேண்டும். முதலில் தீப்பிடிப்பது அதுதான்.

புது டேங்க் போட்ட பிறகு கேஜ் முள் தப்பாகக் காட்டுகிறது.

டேங்கின் ஆழம் மாறிவிட்டது, மிதவைக் கை பழைய நீளத்தில் இருக்கிறது. மிதவை அடியையும் உச்சியையும் தொடும்படி கையை வளைத்துச் சரிசெய்யலாம். அது முடியாவிட்டால், காரைச் சமதரையில் நிறுத்தி, வெறும் டேங்கில் ஐந்து ஐந்து லீற்றராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் எங்கே நிற்கிறது என்று ஒரு சின்னத் தாளில் குறித்து டேஷ்போர்ட்டில் ஒட்டிவிடுங்கள். இதற்குப் பெற்றோல் வாங்கும் கான் பிளாஸ்டிக்கோ இரும்போ, அதை டிக்கிக்குள் வைத்து நிரப்பிக்கொண்டு வராதீர்கள். பெற்றோல் செட்டில் தரையில் இறக்கி வைத்தே நிரப்புங்கள், நிலைமின்சாரம் தரைக்குப் போய்விடும்.